லோரி நாளில் போடாத மாத்திரை

கிரகரிக்கு ஓரிடத்தில் உட்கார வராது. ரிங்லெட் பக்கம் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில்கூடப் பாதிநேரம் கோயில் வாசலில்தான் நிற்பார். லோரியில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் மனுஷனுக்கு உயிர் வரும். மலைமேல் திரிங்காப்பில் முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றி, அடிவாரத்துத் தாப்பாவில் இறக்குவது அவர் வேலை.

போன வருஷம் மாரடைப்பு வந்து இதயம் பலவீனமாகிவிட்டது. உடம்பில் தண்ணீர் தேங்காமலிருக்க டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டால் சும்மா சும்மா ஒன்றுக்குப் போகவேண்டும். அந்த மலை ரோட்டில், வளைவுக்கு வளைவு லோரியை எங்கே நிறுத்துவது? நம் புத்திசாலி ஒரு வழி கண்டுபிடித்தார். லோரி நாளில், மனைவி கத்தரீன் கொடுக்கும் மாத்திரையைச் சட்டைப்பையில் ஒளித்துவிடுவார். சேர்த்ததை லீவு நாளில் மொத்தமாக விழுங்குவார். கணக்கு சரியாகிவிட்டதாம்.

உடம்பு அந்தக் கணக்கை ஒத்துக்கொள்ளவில்லை. கால் வீங்கியது, வற்றியது, மறுபடியும் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது.

ரத்தச் சோதனை முடிவைப் பார்த்த டாக்டரின் முகம் சரியில்லை. சிறுநீரகமும் கெட ஆரம்பித்துவிட்டதாம். இதயம் சரியாக ரத்தம் அனுப்பாவிட்டால் சிறுநீரகம் சோர்ந்துபோகும், அது சோர்ந்தால் தண்ணீர் தங்கி இதயத்துக்கே பாரமாகும் என்றார். மாத்திரை போதவில்லை போலிருக்கிறது, கூட்டவேண்டும், ஆனால் சிறுநீரகம் தாங்குமா என்று யோசித்தார். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கத்தரீனிடம் கேட்டார்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "தவறாம சாப்பிடறாருலா டாக்டர். தெனமும் என் கையாலதான் குடுக்கறேன்."

கிரகரிக்கு வியர்த்தது. சொன்னால் லோரி போச்சு. சொல்லாவிட்டால் மாத்திரை கூடும், சிறுநீரகம் போச்சு. எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். கத்தரீன் தெரியாமலே அத்தனை நம்பிக்கையோடு பொய் சொல்லிக்கொண்டிருப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை.

"லோரி ஓட்டற நாள்ல நான் போடறது இல்ல, டாக்டர். சேத்து வச்சி லீவுல போடுவேன்."

டாக்டர் மாத்திரையைக் கூட்டவில்லை. தினமும் முறையாகப் போடவேண்டும், அடுத்த சோதனைவரை லோரியைத் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

வெளியே வந்ததும் திட்டு விழும் என்று கிரகரி காத்திருந்தார். கத்தரீன் திட்டவில்லை.

"நீங்க லோரில போறப்பல்லாம் ரோட்ட நெனச்சுத்தான் பயந்தேன். ஒடம்பப் பத்தி நிம்மதியா இருந்தேங்க."

அவர் லோரிச் சாவியை எடுத்து அவளிடம் நீட்டினார், நீயே வைத்துக்கொள் என்றார்.

அவள் கையை நீட்டவில்லை.

"நான் வாங்கி என்னா பண்றது? மாத்திரையுந்தான் என் கையில இருந்திச்சு."