கோவைப் பயிற்சிக்குப் போனவர்

பெட்டியோடு லிஃப்டில் ஏறினால் போதும், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியில் யாராவது சிரித்தபடி "பாலிக் கம்போங்?" என்பார்கள். ஊருக்குத் திரும்புகிறீர்களா என்று பொருள். மலேசியாவுக்கு வந்து ஏழு வருடமாகியும் சிரித்துத் தலையாட்டிவிட்டுத்தான் நகர்வேன்.

சுபாங் ஜெயாவில் ஒரு தனியார் பள்ளியில் ஆரம்ப வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். என் வகுப்பில் தர்ஷினி என்றொரு சிறுமி. வாயாடி, கெட்டிக்காரி. புத்தகத்தைத் திறந்தால் மட்டும் எழுத்துகள் அவளுக்குக் குழம்பிப்போகும். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கற்பிப்பதைப் பற்றி ஆசிரியர்களுக்கு ஒரு வாரப் பயிற்சி கோயம்புத்தூரில் நடக்கவிருந்தது. அங்கிருந்து பொள்ளாச்சியில் இருக்கும் அம்மாவைப் பார்க்க ஒரே பஸ். பயணச் செலவுக்கு உதவி கேட்டுத் தலைமையாசிரியையிடம் விண்ணப்பம் கொடுத்தேன். அந்த மலாய் அம்மையார் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "பாலிக் கம்போங் ஆ, டீச்சர்?" என்றார். விளையாட்டாகக் கேட்கிறார் என்று எண்ணி நானும் சிரித்து, "யெஸ், புவான்" என்றேன். மறுவாரம் கடிதம் வந்தது: சொந்த விடுப்பு, சம்பளமில்லாமல்; பயணச் செலவுக்கு உதவி கிடையாது. எனக்கு நல்லது செய்ததாகவே அவர் நினைத்திருந்தார். கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். பாதி உண்மைதானே.

பொள்ளாச்சியில் வேலை பார்த்த காலத்தில் பயிற்சி என்றால் சாப்பாட்டு டப்பாவோடு டவுன் பஸ் ஏறுவோம். சாயங்காலம் வீட்டில் இருப்போம். யாரிடமும் கேட்டு நிற்க வேண்டியிருந்ததில்லை.

உடன் வேலை செய்யும் சாந்தி டீச்சர் கிள்ளான்காரர். அங்கே ஆசிரியர்களுக்கு உதவும் அறக்கட்டளை ஒன்றை நடத்தும் துணிக்கடைக்காரரிடம் என்னை அழைத்துப்போனார். அவர் தாள்களைப் பொறுமையாகப் படித்தார்.

"டீச்சர், நீங்க இந்தியா பாஸ்போர்ட்டா?"

"ஆமாங்க அங்கிள்."

"சிட்டிசனுக்குத்தான் குடுக்க முடியும் லா. எங்க ரூல் அப்படி. மன்னிச்சிக்குங்க."

எழுந்துவிட்டேன். வாசல்வரை போனபின் தர்ஷினியின் நினைவு வந்தது, திரும்பினேன். "அப்ப சாந்தி டீச்சர அனுப்புங்க அங்கிள். யாராவது ஒருத்தர் கத்துக்கிட்டு வரணும்."

சாந்தி பதறிப்போனார். "நீங்க கேட்டது அக்கா! நான் எப்படி போறது?"

"போயிட்டு வாங்க. வந்து எனக்குச் சொல்லிக்குடுங்க."

அங்கிள் பணம் கொடுத்தார்; அம்மாவின் முகவரியையும் வாங்கிக்கொண்டு சாந்தி போனார். பயிற்சி முடிந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் நான் நின்றிருந்தபோது வீடியோ அழைப்பு வந்தது. பொள்ளாச்சியில் எங்கள் வீட்டுச் சமையலறை. நான் உட்காரும் இடத்தில் சாந்தி தட்டோடு உட்கார்ந்திருந்தார். "அக்கா, சூப்பரா சொல்லிக்குடுத்தாங்க. நோட்டு ஃபுல்லா எழுதி வச்சிருக்கேன். தர்ஷினிய நாம படிக்க வச்சிடலாம் லா" என்றார். மனசு நிறைந்தது. பக்கத்தில் அம்மா போன முறையைவிட மெலிந்திருந்தாள். மாத்திரை சாப்பிட்டாளா, முழங்கால் எப்படி இருக்கிறது, கேட்க எவ்வளவோ இருந்தது.

அம்மா போனை வாங்கினாள். "கண்ணு, அப்பறமா பேசறேன். புள்ள வெறுந்தட்டோட உக்காந்திருக்கா, தோசை ஊத்தோணும்" என்று வைத்துவிட்டாள்.