அவர் எழுதிய சட்டம்

கூக்கால் மலைக்கிராமத்தில் எங்கள் பூண்டுக் காட்டை ஒட்டி ஒரு அறையை வாடகைக்கு விடுகிறோம். போன மழைக்காலத்தில் அங்கே ஒரு ரஷ்யர் வந்து தங்கினார். எழுபது வயது, நெடிய உருவம், வெள்ளைப் புருவம். பேராசிரியராம், புத்தகத்தில் படித்த தமிழை எங்களைவிடச் சுத்தமாகப் பேசினார்.

வந்த அன்று என் மனைவி டீ கொண்டுபோனபோது, அதே கெட்டிலிலிருந்து அவள் ஊற்றிக் குடிக்கும்வரை தொடவில்லை.

"நஞ்சா கலந்துட்டேன்? வெரசா குடிங்கய்யா" என்று அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

வெளிநாட்டுக்காரர் தங்கினால் வீட்டுக்காரர் போலீசுக்கு ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். மறுநாள் காலை பாஸ்போர்ட்டைப் படமெடுக்கக் கேட்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"சும்மா ஒரு பதிவுதாங்கய்யா" என்றேன்.

"நான் மந்திரியாக இருந்தபோது இப்படித்தான் சொன்னேன். எங்கள் நாட்டில் இதே மாதிரிச் சட்டத்தை எழுதியவன் நான். பிறகு அந்தப் பதிவை வைத்தே என் நண்பர்களை, அவர்கள் ஒளிந்திருந்த வீடுகளிலேயே பிடித்தார்கள்."

"அனுப்பலேன்னா என்னையப் பிடிப்பாங்கய்யா" என்றேன்.

"தெரியும். அந்தப் பிரிவையும் நானே எழுதினேன்" என்று பாஸ்போர்ட்டை நீட்டினார்.

படமெடுத்துக்கொண்டு அதைத் திருப்பிக் கொடுத்தேன். செல்போன் சிக்னலுக்காக மேட்டில் ஏறி, அனுப்பிவிட்டுத் திரும்பினேன். அறை காலியாகக் கிடந்தது. டம்ளரில் டீ அப்படியே இருந்தது.

"பஸ் ஏறிட்டாருங்க" என்றாள் மனைவி.

இப்போதும் ரோட்டில் போலீஸ் ஜீப் நின்றால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. எங்கோ இருக்கும் யாருக்கோ அவர் பயப்படுகிறார் என்று நினைத்திருந்தேன். அந்த யாரோ நான்தான்.