நைனாவின் சிவப்பு வண்டிக்கு பிரேக் வாங்கினோம்

எங்கள் நைனா அறுபது வயதைத் தாண்டிய பிறகு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். சத்தியவேடு பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர். அதுவரை டிராக்டரும் ஒரு பழைய ஜீப்பும் மட்டுமே ஓட்டியவர். திருப்பதியில் ஒரு டாக்டர் வெளிநாடு போகும்போது விற்ற வண்டி அது. இரண்டே இருக்கை, மடக்கி வைக்கக்கூடிய கூரை, தக்காளிச் சிவப்பு.

"இன்னாத்துக்கு இது?" என்றாள் அம்மா.

"ஓட்றதுக்குத்தான்" என்றார்.

நான் ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து இருக்கை என்னுடையதாயிற்று. அப்படி ஒரு ஞாயிறு திருமலைக்குப் போய்விட்டு இறங்கும்போதுதான் வண்டியின் சங்கதி தெரிந்தது. பாதி மலை இறங்கியதும், பிரேக்கை அழுத்தும்போதெல்லாம் ஸ்டீரிங் நடுங்கியது. கருகிய வாடை வந்தது.

"இன்னா நைனா, ஆடுது?"

"ஆடல. ரோடு அப்படி."

அடுத்த வளைவில் ரோட்டின் மேல் பழி போட முடியவில்லை. பிரேக் மிதி பஞ்சு போல உள்ளே போனது. நைனா கியரைக் குறைத்தார். நான் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். வண்டி உறுமிக்கொண்டே மெதுவாக இறங்கியது. மலையடியில் அலிபிரி வந்து ஓரமாக நிறுத்தியபோது முன்சக்கரங்களிலிருந்து புகை வந்தது. நைனா தண்ணீர் பாட்டிலோடு ஓடினார்.

"ஊத்தாத நைனா! சூட்டுல டிஸ்க் விரிசல் வுட்டுடும்."

அவர் அந்தத் தண்ணீரைத் தானே குடித்தார். பிறகு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

மறுவாரம் திருப்பதியில், வெளிநாட்டு வண்டிகள் பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் போனோம். சக்கரத்தைக் கழற்றியதும் நான் கொண்டுபோயிருந்த மைக்ரோமீட்டரால், சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் பிரேக் டிஸ்க்கின் தடிமனை அளந்தேன். இதற்குக் கீழே தேயக்கூடாது என்கிற அளவு டிஸ்க்கிலேயே பொறித்திருந்தது. எங்களுடையது அந்த அளவை எப்போதோ தாண்டிவிட்டது. ஓரிடத்தில் தடியாகவும் ஓரிடத்தில் மெல்லியதாகவும் வேறு இருந்தது. நடுக்கத்துக்குக் காரணம் அதுதான். அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற பேடுகள் அப்பளம் போல ஆகியிருந்தன.

"இவி இக்கட தொரகவு சார்" என்றார் மெக்கானிக். "இங்க கெடைக்காது, மெட்ராஸ்லருந்து வரவழைக்கணும். எது வேணும்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க." தன் போனில் படங்களைக் காட்டினார்.

வழுவழுப்பான சாதா டிஸ்க் ஒன்று. கோடு கோடாக வெட்டியது ஒன்று. உடம்பு முழுக்க ஓட்டை போட்டது ஒன்று. நைனாவின் கண் மூன்றாவதில் நின்றுவிட்டது.

"இதாம்மா. சல்லடை மாதிரி எவ்ளோ அழகா கீது!"

"ரேஸ்ல ஓட்ற மாதிரி ஓட்னா, அந்த ஓட்டைகிட்டதான் மொதல்ல விரிசல் வரும் நைனா. நம்ம ரோட்டுக்குச் சாதாவே போதும்."

"சக்கரத்து வழியா பாத்தா தெரியணும் இல்ல?"

பேடிலும் அதே கதை. நெருப்பு படம் போட்ட பெட்டியைக் காட்டி அதையே கேட்டார். அது நன்றாகச் சூடேறிய பிறகுதான் சரியாகப் பிடிக்கும் என்று சொன்னேன்.

"அப்போ நம்ம தெருவுல?"

"அவ்ளோவா புடிக்காது. எருமை குறுக்க வந்தா, கொஞ்சம் இரு, சூடாவட்டும்னு சொல்லணும்."

மெக்கானிக் வாய்விட்டுச் சிரித்தார். நைனா நெருப்புப் பெட்டியை விட்டுவிட்டார். சூடேறாதபோதும் பிடிக்கும், மலையிறக்கத்தையும் தாங்கும் என்கிற ரகத்தில் பேடு வரவழைக்கச் சொன்னோம். டிஸ்க்கில் மட்டும் நைனா அசையவில்லை. அவர் வண்டி, அவர் ஆசை. ஓட்டை போட்டதையே சொல்லிவிட்டு வந்தோம்.

அது வந்த அன்று பிரித்துப் பார்த்து, மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். மாட்டப்போனால் உட்காரவில்லை. அதே வண்டியின் பெரிய எஞ்சின் ரகத்துக்கான டிஸ்க் அது; பேடுகளைப் பிடித்திருக்கும் கவ்வியில் இடித்தது. எங்கள் ரகத்துக்கு ஓட்டை போட்டது கிடைக்கவே கிடைக்காதாம். நைனாவின் முகத்தைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"சாதாவே போடலாம் நைனா. கவ்விக்கு வேணா மஞ்ச பெயின்ட் அடிச்சிக்கலாம். வெளிய நல்லா தெரியும்."

"எலுமிச்ச மஞ்சளா, மாம்பழ மஞ்சளா?" என்றார் உடனே.

சாதா டிஸ்க்கை வரவழைத்து மாட்டி, கவ்விக்கு மாம்பழ மஞ்சள் அடித்தோம்.

புது பேடு டிஸ்க்கோடு பழக வேண்டும். அதற்கு, வேகமாகப் போய் முழுக்க நிறுத்தாமல் வேகத்தைக் குறைப்பது, மறுபடி வேகம் எடுப்பது என்று பல தடவை செய்ய வேண்டும். வரதய்யபாளையம் பக்கத்தில் ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு நேர் ரோட்டைப் பிடித்தோம். நைனா சீறிப் போவார், பிரேக் அழுத்துவார், மறுபடி சீறுவார். ரோடு முடிந்ததும் திரும்பி வருவார். ஆள் நடமாட்டம் இல்லை என்று நினைத்தது தப்பு. கரும்புத் தோட்டத்திலிருந்து ஒருவர் தலைத்துண்டைக் கையில் எடுத்து ஆட்டிக்கொண்டு ரோட்டோரம் ஓடிவந்தார்.

"ஏமண்ணா, பிரேக்கு பட்டலேதா?" பிரேக் பிடிக்கவில்லை என்றே முடிவு செய்திருந்தார். வண்டியைத் தடுக்க ஒரு பெரிய கட்டையைக்கூட இன்னொரு கையில் வைத்திருந்தார்.

"பட்டிந்தி, பட்டிந்தி!" என்று கத்தியபடியே நைனா அவரைக் கடந்தார். நிறுத்தக் கூடாது அல்லவா? அடுத்த தடவையும் அவர் கட்டையோடு நின்றார். கடைசியில் எல்லாம் முடிந்து, பேடு ஆறும்வரை மெதுவாக ஓட்டிவிட்டு வந்து விளக்கிச் சொன்னோம். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் மஞ்சள் கவ்வியைக் குனிந்து பார்த்து, "பாக உந்தி" என்றார். நன்றாயிருக்கிறது என்று ஒருவர் சொன்னதே நைனாவுக்குப் போதும்.

போன மாதம் மறுபடி திருமலை போனோம். இறங்கும்போது வளைவுக்கு வளைவு என் காலும் தன்னால் தரையை அழுத்தியது. அவர் மிதித்த இடத்தில் பிரேக் கெட்டியாக நின்றது. ஸ்டீரிங் அசையவே இல்லை. பாதி மலையில் நான் இருக்கையைப் பிடித்திருந்த கையைத் தளர்த்திக்கொண்டு, கூரையைத் திறக்கச் சொன்னேன். காற்று முகத்தில் அடித்தது. நைனா மாமரத்துக்கு மருந்து அடிப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்து, அலிபிரி வரும்வரை நிறுத்தவே இல்லை.