பயிரை வெட்டி விட்ட வழி

பலெர்மோவின் சியாகுல்லியில் ஒரு மன்டரின் ஆரஞ்சுத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவன் நான். போன வைகாசியில் இங்கிலாந்திலிருக்கும் மகளிடம் போனேன். ஒருநாள் இருவரும் நடக்கப் போனபோது, பாதை நேரே ஒரு கோதுமை வயலுக்குள் இறங்கியது. நான் படலையடியிலேயே நின்றுவிட்டேன்.

"அடுத்தவன்ரை காணி, பிள்ளை. நான் வரேல்லை."

"இது பொதுப் பாதை அப்பா, ஆரும் போகலாம். உங்கடை ஊர் வேலிச் சண்டையை இஞ்சை கொண்டு வராதேங்கோ," என்று சிரித்தாள்.

அப்போது வயலின் சொந்தக்காரர் வந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ படலையைத் திறந்து பிடித்தபடி ஏதோ சொன்னார்.

"நடுவாலை நடக்கட்டாம் அப்பா. பாதை மூடுப்படக் கூடாதெண்டு பயிரை அவரே வெட்டி விட்டவராம்."

அந்த மனிதரின் முன்னால் நிற்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. பயணத்துக்குச் சற்று முன்புதான் எங்கள் தோட்டத்து ஒற்றையடிப் பாதையை முள்ளுக்கம்பியால் அடைத்திருந்தேன். முதலாளி சொல்லவுமில்லை, யாரும் பழம் திருடவுமில்லை. வேலியில்லாத காணியைக் கண்டால் என் கை சும்மா இருப்பதில்லை. அதனால், அந்தப் பாதையால் போய்வந்த பக்கத்து வீட்டுக் கிழவி கைத்தடியுடன் வெயிலில் சுற்றி நடந்து பஸ்ஸுக்குப் போனார்.

திரும்பி வந்த அன்றே கம்பியை அறுத்தேன். பாதையைப் புல் மூடியிருந்தது. கிழவி வருவதற்குள் அது பாதையாகிவிட வேண்டுமென்று, மேலும் கீழுமாக நடந்துகொண்டேயிருந்தேன்.