சாப்பாட்டு நேரத்தில் செத்த செல்கள்

பல் மருத்துவமனையின் மாடியில், திசு ஆய்வகத்தில், அவருக்கு எல்லோரும் வைத்த பெயர் ‘நறுக்கு அண்ணன்’. சொத்தை முற்றி வீங்கிய பல்லுக்குள்ளிருந்து உருவிய கூழ், அதாவது பல்லின் உயிர்த்தசை, நூல் துண்டுபோல அவர் மேசைக்கு வரும். செல்களை அந்த நிலையிலேயே நிறுத்திவைக்கும் ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, வெங்காயச் சருகும் வெட்கப்படும்படி சீவுவார். எந்தச் செல் எப்படிச் செத்தது என்று எண்ணுவது டாக்டரம்மாவின் ஆராய்ச்சி.

“சாவுல ரெண்டு வகை,” என்று மனைவிக்கு விளக்குவார். “ஒண்ணு சத்தமில்லாம சுருங்கிப் போறது. இன்னொண்ணு வெடிச்சு, பக்கத்துல இருக்கறதையும் இழுத்துட்டுப் போறது.”

“உங்க தம்பி ரெண்டாவது வகை. கடையை மூடினப்போ நம்மளையும்ல இழுத்தாரு!”

நல்ல பல்லைவிட வீங்கிய பல்லில் வெடித்த செல்கள் எட்டு மடங்கு. டாக்டரம்மா பூரித்துப்போனார். கட்டுரை வெளிவந்தால் அண்ணனின் தற்காலிக வேலை நிரந்தரமாகும் என்று வாக்களித்தார். ஒன்பது வருடத் தற்காலிகம். அந்தக் கட்டடத்தில் அதைவிட நிரந்தரமானது எதுவுமில்லை.

ஒருநாள் புட்டிகளில் நேரம் எழுதிய சீட்டு ஒட்டும்போது அவருக்கு உறைத்தது. கம்பி கட்டுவதற்கு இடம்விட எடுக்கும் நல்ல பற்களை முன்பதிவு செய்து காலையிலேயே பிடுங்குவார்கள்; கூழ் வந்த நிமிடமே ஃபார்மலினில் விழும். வலிக்காரர்களோ பல்லைக் கடித்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு மதியம்தான் வருவார்கள். அந்நேரம் அண்ணன் சோற்றில் கைவைத்திருப்பார். கூழ் ஈரப் பஞ்சில் முக்கால் மணி நேரம் காத்துக் கிடக்கும். பாதிக்கு மேற்பட்ட செல்களைக் கொன்றது சொத்தையல்ல, அவருடைய பசி.

போய்ச் சொன்னார். டாக்டரம்மா கதவைச் சாத்தினார்.

“வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“வீட்ல மட்டும், மேடம்.”

“உங்களை யாரு யோசிக்கச் சொன்னா? நறுக்கறதோட நிறுத்திக்கங்க.”

கட்டுரை அப்படியே பத்திரிகைக்குப் போய்விட்டது. அண்ணனோ அன்றுமுதல் கடைசிக் கூழையும் ஃபார்மலினில் போட்டபிறகே சாப்பிட்டார்; சில நாள் நாலு மணியாகும்.

“இந்த வயசுல நேர்மையும் அல்சரும் சேர்ந்தே வரணுமா?” என்றாள் மனைவி.

அடுத்த தொகுதியில் எட்டு மடங்கு இரண்டாக இறங்கியது. டாக்டரம்மா மிகுந்த வருத்தத்தோடு மேலிடத்துக்கு எழுதினார்: ‘சமீப காலமாக இவருக்கு வேலையில் கவனம் குறைந்துவிட்டது.’ நிரந்தரம் நின்றுபோனது; அண்ணன் கருவி கழுவும் அறைக்குப் போனார்.

அவர் இடத்துக்கு வந்தவர் ஒரு மணி அடித்ததும் டிபன் பாக்ஸைத் திறப்பவர். எண்ணிக்கை மறுபடி எட்டுக்கு ஏறிவிட்டது. அவர் கைத்திறமையை டாக்டரம்மா எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்.