என்டர் பட்டன் மேல் ஒரு பிளாஸ்திரி

என் மேசைமேல் இருக்கும் கீபோர்டில் என்டர் பட்டனுக்கு மட்டும் பிளாஸ்திரி போட்டிருக்கும். ஒட்டியபோது வெள்ளையாக இருந்தது. என் விரல் அழுக்கையும் டீக்கறையையும் வாங்கி வாங்கி இப்போது அதிரசத்தின் நிறத்துக்கு வந்துவிட்டது. மாட்டுக்குக் கொம்பு முறிந்தால் சுற்றுகிற அகலப் பிளாஸ்திரி அது. அதைப் பட்டன் அளவுக்குக் கத்தரித்து, ஓரங்களை உள்ளே மடித்து, தையற்காரர் அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒட்டிவிட்டவர் எங்கள் மாப்பிள்ளை. என் தங்கையின் கணவர். பத்திரம் எழுத வருகிறவர்கள் பார்த்துவிட்டு, “என்ன அண்ணாச்சி, கீபோர்டுக்கு அடிபட்டுட்டா?” என்பார்கள். “அதுக்கு ஒண்ணுமில்ல, அடிபட்டது எனக்கு,” என்பேன். சிரிப்பார்கள். அவர்கள் சிரித்து முடிக்கும்வரை நானும் கூடச் சிரித்துக்கொண்டிருப்பேன்.

நான் சங்கரன்கோவிலில் பத்திர எழுத்தர். வீட்டின் முன்னறைதான் அலுவலகம். கிழக்கே இன்னார் புஞ்சை, மேற்கே ஓடை என்று நான்கெல்லையையும் எழுதி, எழுதிக்கொடுப்பவர், எழுதிவாங்குபவர் இருவரையும் எதிரே உட்காரவைத்து, கையெழுத்துக்கு முன்னால் முழுப் பத்திரத்தையும் உரக்க வாசித்துக் காட்டுவது எங்கள் தொழிலின் வழக்கம். யாராவது கொட்டாவி விட்டால் அந்த வரியை இன்னொரு தடவை வாசிப்பேன். ஊரில் எனக்கு நிதானமான ஆள் என்று பெயர். அந்தப் பெயர் கம்ப்யூட்டர் திரையில் ஒரு சின்னப் பெட்டி முளைக்கிறவரைதான் செல்லும். பெட்டியைக் கண்டதும் கண் இருட்டிக்கொண்டு வரும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்குள் விரல் தானாகப் போய் என்டரைத் தட்டிவிட்டிருக்கும். பாம்பென்று நினைத்துக் கல்லைத் தூக்கிப் போட்டபின், செத்தது என் செருப்பு என்று தெரியவரும்.

மாப்பிள்ளை, திருவேங்கடம் ஊர்ப் பக்கம் கால்நடை ஆய்வாளராக இருந்தார். கரிசல்காட்டு ஊர்களில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஊசி போட்டுக்கொண்டு பைக்கில் அலைகிற மனிதருக்கு, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் மேல் எப்படி ஆசை வந்தது என்று நான் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. இப்போது கேட்க ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் தங்கையோடு மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வருவார். யாரோ கொடுத்த பென்டிரைவ் வழியாக வைரஸ் புகுந்து, என் கம்ப்யூட்டர் ஒரு வாரத்துப் பத்திரங்களை விழுங்கியிருந்த சமயம் அது. “மச்சான், இருக்கதைத் தூக்கிட்டு லினக்ஸ் போட்டுருதேன்,” என்றார். எனக்கு இஷ்டமில்லை. ஆனால் வீட்டு மாப்பிள்ளை வாய்விட்டு ஒன்று கேட்டால் மாட்டேன் என்று சொல்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. கறிக்குழம்பில் நல்ல துண்டாகப் பார்த்து அவர் இலைக்குத் தள்ளுவதுபோல, ஹார்ட் டிஸ்க்கையும் அவர் பக்கம் தள்ளிவிட்டேன்.

அவர் கம்ப்யூட்டரைப் பார்க்கிற விதமே வேறு. உடனே எதையும் தொடமாட்டார். முதலில் சிபியு பெட்டியின் பக்கவாட்டில் காதை வைத்து விசிறிச் சத்தத்தைக் கேட்பார். பிறகு திரையில் வந்திருக்கிற எழுத்தைக் கீழிருந்து மேலாக வாசிப்பார். “மாடு வாயைத் திறந்து சொல்லாது மச்சான். நாமதான் கண்ணைப் பாக்கணும், மூக்கைத் தொட்டுப் பாக்கணும், சாணியைக் கிண்டிப் பாக்கணும். இது அப்படியில்ல. எங்கன வலிக்குன்னு கடைசி வரியில எழுதியே காட்டுது. ஊரான் பத்திரத்தையெல்லாம் எழுத்துக்கூட்டி வாசிக்கிய, இந்த ஒத்தை வரியை வாசிக்க மாட்டேங்கிய.”

ஒருநாள் மத்தியானம் போனில் கூப்பிட்டு, “மாப்ள, ஸ்கிரீன் கருப்பாயிட்டு, எல்லாம் போச்சு,” என்று அழாத குறையாகச் சொன்னேன். அன்று அவருக்கு ஆடுகளுக்குத் தடுப்பூசி போடுகிற முகாம். முடித்துவிட்டு, சட்டையில் ஆட்டுப்புழுக்கை வாடையோடு நேரே வந்தார். மேசைக்குக் கீழே குனிந்தார். என் வீட்டுக்காரி பெருக்கும்போது மானிட்டர் வயர் தளர்ந்திருந்தது. அழுத்திச் செருகினார். திரை வந்தது. “மாடு செத்துட்டுன்னு ஆள் விட்டிய. அது தூங்கிட்டுல்லா இருக்கு,” என்றார். அதற்குள் நான் பதற்றத்தில் எதையெல்லாம் தட்டியிருந்தேன் என்று பார்த்துவிட்டு, வெளியே போய், பைக்கில் தொங்கிய பையிலிருந்து பிளாஸ்திரிச் சுருளையும் கத்தரியையும் எடுத்துவந்தார்.

“இனிமே விரல் பட்டா சொரசொரன்னு இருக்கும். அப்ப நிறுத்துங்க. பத்திரம் வாசிக்க மாதிரி சத்தமா வாசிங்க. அப்புறம் தட்டுங்க.”

“சத்தமா வாசிச்சா, வெளிய நிக்கவன் எனக்குக் கிறுக்கு புடிச்சிட்டுன்னு நெனைப்பானே மாப்ள.”

“அதை இனிமேத்தான் நெனைக்கணுமாக்கும்.”

அதே கம்ப்யூட்டரில் அவர் ஒரு விளையாட்டையும் ஏற்றிவைத்தார். லினக்ஸோடு இலவசமாகக் கிடைப்பது. வரைபடத்தில் ஆளுக்கொரு ராஜ்யம். ஊர் கட்டலாம், வயல் வைக்கலாம், படை திரட்டலாம். ஒருவர் தன் முறையை ஆடி என்டரைத் தட்டினால்தான் மற்றவர் முறை வரும். இரண்டு நாற்காலி, ஒரு கீபோர்டு. நான் முதல் முறையிலேயே இருக்கிற வீரர்களையெல்லாம் எல்லைக்கு அனுப்பிவிட்டு, கோட்டையில் ஆளில்லையே என்று மறுமுறையில் திரும்பக் கூப்பிடுவேன். என் வீரர்கள் பாதி ஆயுளைப் போகவரவே கழித்தார்கள். அவர் படையே திரட்டமாட்டார். குளம் வெட்டுவார், மேய்ச்சல் நிலம் போடுவார், ஆற்றோரம் ஒரே ஒரு குதிரைக்காரனை நிறுத்தி வைப்பார். அந்த ஒருவனுக்குப் பயந்து நான் நாலு சுற்று மதில் கட்டுவேன். “ஒத்தைக் குதிரைக்கா இம்புட்டு மதிலு?” என்பார். “அது மாப்பிள்ளை வீட்டுக் குதிரைல்லா, மரியாதை செய்ய வேண்டாமா,” என்பேன்.

சாயங்காலம் கிளம்பும்போது ஆட்டம் எப்போதும் அவர் முறையில் நிற்கும். எத்தனை நேரமிருந்தாலும் தன் முறையை ஆடமாட்டார். சேமித்துவிட்டு எழுந்துவிடுவார். தோற்கிற பயம் என்று முதலில் கேலி செய்தேன். “மிச்சம் வச்சிட்டுப் போனாத்தான அடுத்த ஞாயிறு வரலாம். இல்லைன்னா மச்சான் வீட்டுக்கு வாராவாரம் சோத்துக்கு வாரான்னு ஊரு சொல்லும்,” என்றார். வீட்டு மாப்பிள்ளை சாப்பிட வருவதற்குக் காரணம் தேடியது அவர் கூச்சம். அவர் வருவதற்கு ஒரு காரணம் இருக்கிறதே என்று நிம்மதிப்பட்டது என் கள்ளத்தனம். ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்கு அந்த பைக்கின் சத்தம் தெருமுனையில் கேட்காவிட்டால் எனக்குப் பத்திரத்தில் ஒரு எல்லை விட்டுப்போன மாதிரி இருக்கும். இதை அவரிடம் நான் சொன்னதில்லை. மச்சானும் மாப்பிள்ளையும் பேசிக்கொள்கிற பேச்சில் அதற்கெல்லாம் இடமில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வயலில் கிடை போட்டிருந்த ஆடுகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார் என்றார்கள். எழுந்திருக்கவில்லை. மூன்று வருடமாகிறது. காரியமெல்லாம் முடிந்தபின் ஒருநாள் விளையாட்டைத் திறந்து பார்த்தேன். அவருடைய குதிரைக்காரன் ஆற்றைக் கடந்து என் பக்கத்துக் கரையில் நின்றிருந்தான். வடக்கு மதிலில் நான் வாசல் வைத்துவிட்டுக் கதவு போட மறந்திருந்தேன். அவர் ஒரு முறை ஆடினால் என் கோட்டை போய்விடும். அதைப் பார்த்துவிட்டுத்தான் அந்தக் கடைசி ஞாயிறு எழுந்துபோயிருக்கிறார். போகும்போது முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. மீன் குழம்பு நன்றாக இருந்திருக்கிறது என்று அன்று நினைத்துக்கொண்டேன். திரையின் மேலோரத்தில் அவர் பெயரும், உங்கள் முறை என்ற எழுத்தும் இருந்தன. அப்படியே மூடிவிட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பதினோரு மணிக்குத் திறந்து பார்ப்பேன், மூடுவேன். அவ்வளவுதான் ஆட்டம்.

கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தால் இப்போது ஏ.ஐ. சாட்பாட்டிடம் கேட்கிறேன். போனிலேயே தமிழில் எழுதினால் தமிழில் பதில் சொல்கிறது. பொறுமைசாலி, ஒரே கேள்வியை ஏழு தடவை கேட்டாலும் ஏழு தடவையும் நல்ல கேள்வி என்கிறது. எனக்குப் பழக்கமில்லாத மரியாதை. ஒரு சலிப்பான பகலில், என் மாப்பிள்ளை மாதிரி பேசு என்று கேட்டு, அவரைப் பற்றி நாலு வரி எழுதிக் கொடுத்தேன். “கவலைப்படாதீங்க மச்சான், நான் இருக்கேன்,” என்றது. பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டேன். அதன்மேல் குற்றமில்லை, நான் கொடுத்த நாலு வரி அப்படி. அவர் ஒருநாளும் கவலைப்படாதீங்க என்று சொன்னதில்லை. “கவலைப்படுங்க. ஆனா வாசிச்சிட்டுக் கவலைப்படுங்க,” என்றுதான் சொல்வார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கரண்ட் போய்ப் போய் வந்தது. பதினோரு மணிக்குக் கம்ப்யூட்டரைப் போட்டால் கறுப்புத் திரை, அதில் வெள்ளை எழுத்தாக நாலைந்து வரி. இந்த முறை மேசைக்குக் கீழே குனிந்து வயரைப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. அதோடு என் அறிவு தீர்ந்தது. பத்திரங்களுக்கெல்லாம் வேறு பிரதி உண்டு. விளையாட்டுக்குக் கிடையாது. அந்தக் குதிரைக்காரன் இந்த ஒரு டிஸ்க்கில்தான் நிற்கிறான். சாட்பாட்டிடம், கறுப்பாகிவிட்டது, எல்லாம் போயிற்று என்று எழுதினேன். கடைசி வரியில் என்ன இருக்கிறது என்று கேட்டது. மாப்பிள்ளை கேட்கிற அதே கேள்வி. எனக்கு எரிச்சல் வந்தது. வரியெல்லாம் இருக்கட்டும், புதிதாக லினக்ஸ் போடுவது எப்படி என்று கேட்டேன். சொன்னது. டிஸ்க்கில் உள்ளவை அழிந்துவிடலாம், முதலில் பிரதி எடுங்கள் என்றும் சொல்லியிருக்கிறது. அதை நான் மத்தியானம்தான் வாசித்தேன்.

மேசை இழுப்பறையில் ‘முதலுதவி’ என்று அவர் கையால் எழுதி ஒட்டிய, லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவ் கிடந்தது. செருகினேன். ஒவ்வொரு பெட்டியாக வந்தது, மவுஸால் ஒவ்வொன்றையும் தள்ளிவிட்டுக்கொண்டே போனேன். கடைசிப் பெட்டி வந்தது. விரல் என்டருக்குப் போனது. சொரசொரவென்று பட்டது.

விரலை எடுக்கவுமில்லை, அழுத்தவுமில்லை. எதிரே, பத்திரத்துக்கு வரும் பார்ட்டிகள் உட்காருகிற இரண்டு நாற்காலியும் காலியாக இருந்தன. தொண்டையைச் செருமிக்கொண்டு, கிரயப் பத்திரம் வாசிக்கிற குரலில் வாசித்தேன்: “இந்த வட்டில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும். இதைத் திரும்பப் பெற இயலாது. தொடரவா?” வாசித்த பிறகுதான் காதில் விழுந்தது. எதைக் காப்பாற்றப் பதறினேனோ அதையே என் கையால் எழுதிக்கொடுத்துக் கைநாட்டும் வைக்கப் போயிருக்கிறேன். அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி, “ஞாயித்துக்கிழமை எந்தப் பார்ட்டி வந்திருக்கு?” என்று கேட்டாள். “மாப்பிள்ளைதான்,” என்று வாய் வந்துவிட்டது. அவள் பாத்திரத்தை உருட்டுகிற சத்தம் சற்று நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது.

பெட்டியை ரத்து செய்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். கறுப்புத் திரையின் கடைசி வரியை எழுத்தெழுத்தாக வாசித்து அப்படியே சாட்பாட்டுக்கு அனுப்பினேன். கரண்ட் பாதியில் போனதால் டிஸ்க்கைச் சரிபார்க்கச் சொல்கிறது, வேறொன்றுமில்லை என்றது. முதலில் பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓடவிட்டு, டிஸ்க்கில் இருந்த விளையாட்டை வேறு இடத்தில் பிரதி எடுத்துக்கொள்ளச் சொன்னது, எடுத்தேன். பிறகு அது கொடுத்த ஒற்றை வரியை மூன்று தடவை வாசித்துவிட்டு என்டரைத் தட்டினேன். கொஞ்ச நேரம் எழுத்து ஓடியது. பழைய திரை வந்தது. மாடு தூங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

மத்தியானம் தங்கை வந்தாள். நடந்ததை என் பயத்தையெல்லாம் கூட்டிச் சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். அவள் சிரிக்காமல் மாப்பிள்ளையின் நாற்காலியில் உட்கார்ந்து, “என்னதான் அது, காட்டுங்க,” என்றாள். ஞாயிறுதோறும் அடுப்படியிலேயே இருந்துவிடுவாள், இத்தனை வருடத்தில் அந்த விளையாட்டைப் பார்த்ததில்லை. திறந்தேன். ஆறு, வயல், மேய்ச்சல் நிலம், குதிரைக்காரன். வெகுநேரம் பார்த்தாள்.

“யாரு முறைண்ணே?”

“மாப்பிள்ளை முறை. ஒரு தட்டு தட்டினா என் கோட்டை போயிரும். வேணும்னா நீ ஆடிருட்டி. அவியளுக்காக.”

கையைக் கீபோர்டு வரைக்கும் கொண்டுபோனாள். பிளாஸ்திரியைத் தொட்டதும் என்ன பிளாஸ்திரி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சுருளின் மிச்சம் அவள் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. விரலை அதன்மேல் சும்மா வைத்துக்கொண்டிருந்தாள்.

“வேண்டாம்ணே. அவிய மிச்சம் வச்சது அப்படியே இருக்கட்டும்,” என்றாள். “அடுத்த ஞாயிறு நானும் பதினோரு மணிக்கே வாரேன்.”

சேமித்து மூடினேன். பிளாஸ்திரியின் ஒரு மூலை பெயர்ந்து நிற்கிறது. புதிதாக ஒட்டவா என்று கேட்டாள். வேண்டாம் என்று அந்த மூலையைக் கட்டைவிரலால் அமுக்கினேன். விரலை எடுத்தால் மறுபடி எழும்புகிறது. அமுக்கிக்கொண்டே இருக்கிறேன்.