களத்தில் வெயில்

காலை ஏழு பத்து. நாகலூரில் தங்கியிருக்கும் வீட்டின் வாசலில் முதலில் தெரிவது, சிமெண்ட் களத்தின் ஒரு மூலையில் மட்டும் விழும் வெயில். நேற்று வரை மழை. அந்த வெயில் மூலையிலேயே பாயை விரித்துத் தினமும் செய்யும் ஆசனங்களை முடிக்கிறேன். சவாசனத்தில் படுத்து மூச்சைக் கவனிக்கிறேன். கவனம் நிலைக்கவில்லை. காலடிச் சத்தம் வருகிறது, போகிறது, திரும்ப வருகிறது. பிடிவாதமாகக் கண்ணை மூடியே கிடக்கிறேன். கடைசியில் திறந்தால், ஈரக் காப்பிக்கொட்டைக் கூடையோடு வீட்டுக்கார அம்மா நிற்கிறார்.

"தூங்கறவங்கள எழுப்பக் கூடாதுன்னு நின்னேனுங்க."

"தூங்கலைங்க. மூச்சைக் கவனிச்சேன்."

"ஏனுங்க, அது எங்கீங்க போகப்போகுது? கொட்டையிலதான் பூஞ்சை புடிக்குதுங்க. வெயிலு இங்க மட்டுந்தானுங்க!"

பாயைச் சுருட்டுகிறேன். அவர் கொட்டையைப் பரப்பி முடிக்கும்போது, மலைப் பள்ளத்தாக்கிலிருந்து ஏறிவரும் மேகம் களத்தை மூடுகிறது.